டெல்லி கேட்டில் நின்ற ஆள்

ஆற்காட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, இறந்தவர் படத்தைப் பெரிதாக்குவது, எல்லாம் செய்வேன். படத்திலிருந்து ஆளை அழிக்கும் வேலையும் செய்வேன். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ராணிப்பேட்டைத் தோல் ஃபேக்டரி முதலாளி ஒருவர் பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். பாலாற்றங்கரை டெல்லி கேட், இந்தப் பக்கம் கேமரா வந்த புதிதில் எடுத்தது. கோட்டை போய், மதில் போய், இன்று அந்த வாசல் மட்டும் மிச்சம். இங்கிருந்து டெல்லி வரை பிடிப்போம் என்று வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்பார்கள். முதலாளிக்கு அந்தக் கதைமேல் ஆசை. வெளிநாட்டு பார்ட்டிகள் வந்து உட்காரும் தன் அறையில், பழைய படத்துக்குப் பக்கத்தில் அதே கோணத்தில் புதுப் படமும் மாட்ட வேண்டும் என்றார்.

பழைய படத்தில் வளைவுக்குக் கீழே ஒருவன் நிற்கிறான். இடுப்பில் கோவணம், அவ்வளவுதான். வாசலின் உயரம் தெரியட்டும் என்று நிறுத்தியிருப்பார்கள்.

எனக்கு உதவியாக முதலாளி ஓர் ஆளை அனுப்பினார். கழிவுநீர்த் தொட்டியில் வேலை செய்பவர். முள்ளை வெட்டினார், ஏணியைப் பிடித்தார். அதே இடத்தில் அவரையும் நிறுத்தி, ஆடாதீர்கள் என்றேன். சட்டைப் பொத்தானைப் போட்டு, மடித்துக்கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் தாங்கவில்லை, சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் படத்தில் விழுந்தது. முதலாளி அறையில் தன் படமா என்று மூன்று தடவை கேட்டார். ஆமாம் என்றேன்.

படத்தைப் பார்த்ததும் முதலாளி முகம் சுளித்தார். லுங்கி கட்டின ஆள் எதற்கு, எடுத்துவிடு என்றார். பழைய படத்தில் ஒருத்தன் கோவணத்தோடு நிற்கிறானே என்று நான் கேட்டிருக்கலாம். ஆனால் அவன் சரித்திரம் ஆயிற்றே! வாயை மூடிக்கொண்டு பத்து நிமிடத்தில் ஆளைத் துடைத்து, அவர் நின்ற இடத்தில் வெறும் வெளிச்சத்தை நிரப்பினேன். சுத்தமாக வந்ததில் எனக்குப் பெருமை வேறு. அதே ஃபைலிலேயே சேவ் செய்தேன். மறுநாள் கல்யாணத்துக்காக மெமரி கார்டையும் காலி செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து, தொட்டிக்குள் இறங்கிய அந்த மனிதர் விஷவாயு தாக்கிச் செத்துப்போனார். பேப்பரில் நாலு வரி வந்தது.

காரியத்துக்குப் படம் வேண்டும் என்று அவர் மனைவி வந்தார். செல்போன் அவரோடு தொட்டியில் போய்விட்டதாம். ஆதார் கார்டு படத்தில் அவர் திருடன் மாதிரி இருக்கிறாராம். ஃபேக்டரிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார்.

"மொதலாளி ரூம்ல என் போட்டோ மாட்டப் போறாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லினு இருந்தாருண்ணா. அங்க வெறும் கேட்டுதான் இருக்குது. உங்ககிட்ட இருக்கும் இல்ல?"

இல்லை என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் தேடுவதுபோல நடித்தேன். கடைசியில், எப்படியோ அழிந்துபோய்விட்டது என்றேன். நான்தான் அழித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சீ, நானும் ஒரு மனுஷன்!

திரையில், கோணம் பார்க்க நான் ஸ்கேன் செய்து வைத்திருந்த பழைய படம் திறந்திருந்தது. வளைவுக்குக் கீழே நின்றவனையே அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரு யாருண்ணா?"

"தெரியலம்மா. எந்தக் காலத்து ஆளோ."

"யாருன்னே தெரியாதவரை வெச்சிருக்கீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஆதார் கார்டை மேஜைமேல் வைத்தார். நான் பெரிதாக்கினேன். முகத்தில் வெளிச்சம் கூட்டினேன், கண்ணைச் சரிசெய்தேன், கசங்கிய காலரைக்கூட நிமிர்த்தினேன். உதட்டில் அந்தச் சிரிப்பைக் கொண்டுவர மூன்று நாள் முயன்றேன். முடியவில்லை.