படகுத்துறைக்குப் போன பனைகள்

மலை முழுக்க மரம். அந்த மலைக்குப் போடியிலிருந்து மரம் ஏற்றிக்கொண்டு போனோம் என்றால் இன்றைக்குச் சிரிப்பார்கள். ஏலக்காட்டில் ஒரு கிளையை வெட்டினாலும் கேஸ் போடுவார்கள். அதனால் கீழேயிருந்து பனை போயிற்று.

எழுபதுகளின் கடைசி அது. எஸ்டேட் முதலாளி ஒருவர் அணைத் தண்ணீர் ஓரமாகப் பங்களா கட்டியிருந்தார். வீட்டிலிருந்து இறங்கிப் படகு ஏற அவருக்கு ஒரு துறை வேண்டும். நானும் என் அண்ணனும் போடியில் லோடுமேன்கள். செலவு எங்கே ஏறுகிறது என்று காண்ட்ராக்டர் டீக்கடையில் உட்கார்ந்து புலம்புவார். கோடையில் அந்தத் தண்ணீர் பாதாளத்துக்கு இறங்கும், ஆடியில் கரையை முட்டும். குட்டைக் கால் நட்டால் துறையே முழுகிவிடும். அடியில் சேறு வேறு. ஆகவே முழுப் பனைதான் ஆகும். ஆனால் முழுப் பனை ஏற்றிய லாரி போடிமெட்டு வளைவுகளில் திரும்பாது.

இரண்டாக அறுத்து ஏற்றி, மேலே போய் இரும்புப் பட்டை வைத்து முடுக்கிவிடலாம் என்றார் காண்ட்ராக்டர். முதலாளி ஒப்பவில்லை. ஒட்டுப் போட்ட கால் நிற்காதாம், தன் பிள்ளைகள் நடக்கிற இடமாம். சரி, அவர் பிள்ளைகள் அவருக்கு உசத்தி. ஆக, ஒவ்வொரு வளைவிலும் மரத்தை இறக்கி, தோளில் சுமந்து திருப்பி, மறுபடி லாரியில் ஏற்ற வேண்டும். லாரிக்காரர் கூடுதல் கேட்டார், கொடுத்தார்கள். எங்கள் தோள்தான் அவர்களுக்கு மலிவு.

அண்ணனுக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது. பனை ஏற்றுவதற்கு முந்தின நாளே அவனுக்கு இடுப்பு பிடித்திருந்தது. இன்றைக்கு நீ வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“நான் வரலைன்னா அந்தப் பனை தானா நடந்து போயிருமாடா? வெரசா கெளம்பு” என்றான்.

மேலே போகப் போகச் சாரல் பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் முன்னால் பிடித்தவருக்குக் கால் வழுக்கியது. நாங்கள் தோளை உருவிக்கொண்டோம். அண்ணன் பாறைப் பக்கம் நின்றிருந்தான், விலக இடமில்லை. மரம் அவன் இடுப்பைப் பாறையோடு சேர்த்து நசுக்கிவிட்டது. பாறை இடுக்கில் செருகிக்கொண்டதைத் தூக்க முடியவில்லை, கடப்பாரை போட்டு நெம்பினால் அவன் மேலேயே உருண்டது.

அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று கத்தினேன். காண்ட்ராக்டரின் கணக்கப்பிள்ளை கையைப் பிசைந்தான்.

“முழு மரம் அப்பு. அறுத்துட்டா மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது?”

அண்ணனுக்கு நினைவு இருந்தது. அது அவன் காதிலும் விழுந்தது. துறை வேலைக்கென்று லாரியில் கிடந்த ரம்பத்தை எடுத்தேன், டிரைவர் மறுமுனையைப் பிடித்தார். வைரம் பாய்ந்த பனை லேசில் அறுபடுமா? ஒருவழியாக அறுத்து அவனை வெளியே எடுத்து, தோட்டத்து ஆட்களை ஏற்றி வந்த ஜீப்பில் கிடத்தினோம். அடிவாரம் வருவதற்குள் என் மடியிலேயே போய்விட்டான்.

கருமாதி முடிந்து சில மாதம் கழித்து, ஏலக்காய் மூட்டை ஏற்ற அதே எஸ்டேட்டுக்குப் போனேன். துறை கட்டி முடித்திருந்தார்கள். தண்ணீர் இறங்கியிருந்ததால் கால்கள் முழுசாகத் தெரிந்தன. ஒன்றில் மட்டும் நடுவே இரும்புப் பட்டை. இன்னொரு பனை ஏற்றினால் செலவு கட்டாது, ஒட்டே போதும் என்று முதலாளியே சொல்லிவிட்டாராம்.

துறை மேலே அவர் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சேற்றில் இறங்கி அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்து, என் பலம் கொண்ட மட்டும் ஆட்டிப் பார்த்தேன். அசையவே இல்லை.