கடலுக்குள் விழுந்த புள்ளி

வரலாற்றில் மேற்படிப்பு என்றால் பழைய கடதாசிகளோடு கிடக்கலாம் என்று நம்பிச் சேர்ந்து, இப்போது கணினிப் படத்தில் புள்ளி குத்திக்கொண்டிருக்கும் என் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது. சண்டைக் காலத்தில் தலைமன்னாரிலிருந்து வள்ளத்தில் இந்தியா போய்த் திரும்பியவர்கள் எங்கே ஏறினார்கள், எப்போது ஏறினார்கள் என்பதை வரைபடத்திலும் காலக்கோட்டிலும் காட்டுவது என் ஆய்வு. படம் முடியாவிட்டால் பட்டம் இல்லை. முடிந்தாலோ, நம்பிக் கதை சொன்னவர்களின் வாசல் ஊருலகத்துக்கே தெரிந்துவிடும். மகள் நித்திரையான பிறகு இந்தப் பயத்தோடுதான் எழுத உட்காருகிறேன்.

எல்லாரும் ஒரே நாளில்

எதிர்வீட்டு மத்தில்டா மாமியிடம், எப்போது போனீர்கள் என்று கேட்டேன். "சோழகக் காத்து விழுந்து, செபமாலை மாதம் தொடங்கேக்கை" என்றார். ஒக்டோபர் தொடக்கம் என்று எனக்கு விளங்கியது, மென்பொருளுக்கு விளங்கவில்லை. அதற்கு நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டுமாம். நாள் தெரியாததால் ஆண்டை மட்டும் கொடுத்தேன். மற்றவர்களுக்கும் அப்படியே. அது தன்பாட்டில் எல்லாரையும் ஜனவரி முதலாம் திகதியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. மாமி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன் பிள்ளை, புதுவருசப் பூசையும் காணாமலோ நாங்கள் எல்லாரும் வள்ளம் ஏறினனாங்கள்?"

தீடை

கடல் நடுவே கிடக்கும் மணல் திட்டிதான் தீடை. வள்ளக்காரர் மாமியின் குடும்பத்தை இருட்டோடு இருட்டாக ஒரு தீடையில் இறக்கி, "இதுதான் இந்தியா" என்றுவிட்டுத் திரும்பிவிட்டார். விடிந்து பார்த்தால் சுற்றிவரக் கடல்.

தீடை ஒரே இடத்தில் கிடக்காது. காற்றோடும் நீரோட்டத்தோடும் நகரும். மாமி சொன்ன இடத்தில் நான் குத்திய புள்ளி, இன்றைய செய்மதிப் படத்தில் சுத்தமான நீலத்தில் விழுந்தது. மேற்பார்வையாளர் சேர் சூமில் வந்து, "தரையில் இல்லாத புள்ளி பிழை, நீர் அதை அழியும்" என்றார். விளங்கப்படுத்தினேன். திரும்பவும் அழியும் என்றார். நான் கன்னியர் மடத்து மதர்மாரிடம் படித்தவள். பெரியவர்கள் சொன்னால் கை தன்பாட்டில் கீழ்ப்படியும்; அழிக்கப் போய்விட்டது. பக்கத்தில் என் மகளை மடியில் வைத்திருந்த மாமிதான் பொரிந்தார்: "அப்ப நான் விடியுமட்டும் கடலுக்கையோ குந்தியிருந்தனான்? கேள் அந்தாளை!" புள்ளி தப்பியது.

பெரிதாக்கிப் பார்த்தால்

மாமி வள்ளம் ஏறிய இடத்துப் புள்ளியில் சேருக்கு வெகு திருப்தி. தரையில் இருக்கிறதல்லவா! படத்தை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிடச் சொன்னார். பெரிதாக்கிப் பார்த்தேன். மாமியின் தகரக் கூரை தெரிந்தது. பின்னால், அவருடைய மகன் தொழிலுக்கு இறக்குகிற வள்ளம் தெரிந்தது. சாமான் விலை ஏறிய நாளிலிருந்து இந்தக் கரையால் சனம் திரும்பவும் இந்தியாவுக்குக் களவாகப் போகிறது. "ஆரை ஏத்திவிட்டனீ?" என்று யாராவது வந்து அவனைப் பிடிக்க என் படம் ஒன்றே போதும். அடுத்ததாகத் தட்டப்படுவது என் கதவு. உள்ளே என் பிள்ளை. சேரிடம் சொன்னால், "அது பழைய கதை, நீர் ஏன் பயப்பிடுறீர்?" என்கிறார்.

மாமியிடம் சொன்னேன். படத்தில் தன் தகரக் கூரைமேல் விரலை வைத்தார். "வீட்டைப் படத்திலை இருந்து எடுத்துப்போடு பிள்ளை. தீடையில மட்டும் கை வைக்காதை. நாங்கள் அங்க கிடந்ததுக்கு வேற சாட்சி இல்லை."

அப்படியே செய்து, கடலுக்குள் விழுந்த புள்ளியை மட்டும் விட்டு அனுப்பிவிட்டேன். இனிப் பட்டம் தர வருகிறவரும் விசாரிக்க வருகிறவரும் கடலுக்குள்தான் இறங்கவேண்டும்.