பொதட்டூர்பேட்டையில் பார்த்த மாத்திரை அட்டை

போன தை மாதம் ஒரு புதன்கிழமை தனியாகத் திருத்தணி போய்வந்தேன். வேண்டுதல் எதுவும் இல்லை. கல்லூரி நாளிலிருந்து எனக்கு வலிப்பு உண்டு. அதற்காகச் சாப்பிட்ட மாத்திரை வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம் என்பது, ஐந்தாம் மாத ஸ்கேனில் என் குழந்தையின் முதுகெலும்பு மூடவில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். அந்தக் குழந்தை தங்கவில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றி, ஆறு மாதம் வலிப்பு வராமல் இருக்கட்டும், பிறகு அடுத்ததை யோசிக்கலாம் என்றார். அந்த ஆறு மாதம் முடிந்த வாரம் அது. எங்காவது ஏறி இறங்கவேண்டும் போலிருந்தது.

சென்ட்ரலில் 5.30 மணிக்கு மின்சார ரயில். 7.45க்குத் திருத்தணி. மலைக்கு வண்டிப் பாதை இருக்கிறது, நான் படியில்தான் ஏறினேன். 365 படி, நின்று நின்று முப்பது நிமிடம். கூட்டமில்லாததால் தரிசனம் கால் மணி நேரத்தில் முடிந்தது. (கிருத்திகையன்று போகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள்.)

கீழே வந்தபோது 9.30. கணவருக்கு லுங்கி வாங்க, தறிக்குப் பேர்போன பொதட்டூர்பேட்டை போகலாம் என்று ஆட்டோ பேசினேன். போகவர அறுநூறு ரூபாய். ஓட்டுநர் நாகராஜுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

"கடைக்கு எதுக்கு மேடம்? எங்க அக்கா வூட்லயே தறி ஓடிகினு இருக்குது. அங்கியே எடுத்துக்கங்க."

நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். அக்கா பெயர் சுமதி. லுங்கிகளைப் பிரித்துக் காட்டினாள். பக்கத்தில் மூன்று வயது மகள். அவள் மேலுதட்டில் தையல் தழும்பு. நான் எதுவும் கேட்கவில்லை. சுமதியே சொன்னாள்.

"கிரகணத்தப்போ வெளிய வந்துட்டேன்க்கா. அதான் உதடு பொளந்து பொறந்தா. ஆபரேசன் பண்ணிட்டோம். எங்க மாமியார் இன்னும் சொல்லிக்காட்டிகினுதான் இருக்காங்க."

அந்த மாமியார் அதே அறையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

லுங்கிக்குப் பணம் எடுக்கும்போதுதான் டிவி மேலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தேன். நான் பல வருடம் விழுங்கிய அதே மாத்திரை.

"இது யாருது?"

"என்னுதுதான்க்கா. சின்ன வயசுலருந்து வலிப்பு. பழைய சீட்டக் காட்டி வாங்கிக்குவோம்."

"இப்போ முழுகாம இருக்கியா?"

சுமதி குரலைத் தாழ்த்தினாள். "ஆங். பத்து நாள் தள்ளிப் போயிருக்குது. இன்னும் யாருக்கும் சொல்லல."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு என் குழந்தைக்கு என்ன நடந்தது என்று சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவள் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "இனிமே இதத் தொடவே மாட்டேன்!" சாக்கடையில் எறியப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். நானும் ஒருமுறை இப்படி நானாக நிறுத்தி, மூன்றாம் நாள் குளியலறையில் விழுந்து தலையில் ஆறு தையல் போட்டுக்கொண்டவள்.

"நிறுத்தினா வலிப்பு வரும். அது உனக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. டாக்டர்தான் மாத்தணும். இப்பவே போலாம், வா."

மாமியார் நூலைக் கீழே வைத்தார். "நானும் வரேன்" என்றார்.

11.40க்குத் திருத்தணி அரசு மருத்துவமனை. டாக்டரம்மா பொறுமையாக விசாரித்தார். சாயம் கலக்குவாயா? வயலில் பூச்சிமருந்து அடிக்கிற பக்கம் போவாயா? வீட்டில் யார் பீடி பிடிக்கிறார்கள்? சாயம் சுமதிதான் கலக்குகிறாள், பீடி கணவர் பிடிக்கிறார். இரண்டும் அவள் பக்கம் வரவே கூடாது என்றார். ஃபோலிக் ஆசிட் எழுதினார். மாத்திரையை நிறுத்தாமல், சென்னையில் நரம்பு டாக்டரை உடனே பார்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். இத்தனை நாள் உள்ளே போனதற்கு என்ன ஆகும் என்பதை ஸ்கேனில்தான் பார்க்க முடியும் என்றும் மறைக்காமல் சொன்னார்.

"அப்போ பெரியவளுக்குக் கிரகணத்தால இல்லீங்களா?" என்று மாமியார் கேட்டார்.

"கிரகணத்துக்கும் உதட்டுக்கும் சம்பந்தமே இல்லம்மா. மாத்திரையால இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது, சில குழந்தைக்குக் காரணமே தெரியறதில்ல. ஆனா உங்க மருமக மேல எந்தத் தப்பும் இல்ல."

சுமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர்களை வீட்டில் விட நானும் ஏறிக்கொண்டேன். திரும்பும்போது ஆட்டோ குலுங்கிய இடத்திலெல்லாம் மாமியார் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரமே சுமதி சென்னை வந்தாள். நானும் கூடப் போனேன். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். ஐந்தாம் மாத ஸ்கேன் வரை அவளுக்கும் எனக்கும் நிம்மதி இல்லை. அன்று போன் வந்தது: "முதுகு நல்லாக்குதாம்க்கா. உதடும் சேந்துக்குதாம்." அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போயிருந்தபோது, பெரியவளின் உதட்டைப் பற்றி ஏதோ கேட்ட பக்கத்து வீட்டம்மாவிடம் மாமியார் சொன்னார்: "கிரகணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாங்கதான் தெரியாம இவளத் திட்டிகினு இருந்தோம்."

போகிறவர்களுக்கு: முதல் ரயிலைப் பிடியுங்கள், வெயிலுக்கு முன் படி ஏறிவிடலாம். தண்ணீர் கொண்டுபோங்கள். வலிப்புக்கோ வேறெதற்கோ தினமும் மாத்திரை சாப்பிடும் பெண்கள், குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள். உண்டானது தெரியவருவதற்குள் முதுகெலும்பு உருவாகத் தொடங்கிவிடுகிறது. நீங்களாக மட்டும் நிறுத்தாதீர்கள்.

எனக்கு இன்னும் உண்டாகவில்லை. காத்திருக்கிறோம். என் குழந்தைக்கு என்ன ஆனது என்பதைச் சொந்தக்காரர்களிடம்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதன்முதலாகச் சொன்னது, லுங்கி வாங்கப் போன அந்த வீட்டில்தான்.