மச்சினன் செய்த காரும் பிரேக் மாஸ்டரும்

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. ஓட்டப் பழகுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டார். ஈ காக்கை இல்லாத சாலையிலும் அந்தக் கால் இறங்காது.

மாலையானால் மனிதருக்கு வேறு அவதாரம். ஹாலில் கம்ப்யூட்டரோடு ஸ்டீயரிங்கையும் பெடலையும் மாட்டிக்கொண்டு, புதிதாக வரும் கார் கேம்களை நேரலையில் ஓட்டிக் கிழித்துத் தொங்கவிடுவார். "படம் பளபளன்னு இருக்கு, வண்டி சோப்புக்கட்டி மாதிரி வழுக்குது" என்று ஒரு வரி சொன்னால் போதும். வாங்க இருந்தவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள். முகத்துக்காகப் பேசமாட்டார் என்பதுதான் அவர் சேர்த்த ஒரே சொத்து.

அன்று அந்தச் சொத்துக்கே ஆபத்து. புதிதாக விற்பனைக்கு வந்த கேம், மனைவியின் தம்பி செய்தது. இருந்த வேலையையும் விட்டுவிட்டு, நண்பர்களோடு ஓர் அறையில் அடைந்து கிடந்து, தாடியும் கண்ணுக்குக் கீழே கறுப்புமாக வெளியே வந்திருந்தான். இப்போது சோபா நுனியில், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவனைப்போல உட்கார்ந்திருந்தான்.

அடுப்படி வாசலில் மனைவி நின்றாள். "பாத்துப் பேசுங்க."

"பாத்துட்டுதானே பேசறேன்."

"நான் என்ன சொல்றேன்னு உங்களுக்குத் தெரியும்."

நேரலை தொடங்கியது. இது தன் மச்சினன் செய்தது என்று முதலிலேயே போட்டு உடைத்துவிட்டார். பிறகு, "கண்ணாடியில மழை விழறதப் பாருங்க. வைப்பர் போனதும் ஓரத்துல ஒரு கோடு நிக்குது. பெரிய பெரிய கம்பெனிக்காரனுக்கே இது தோணல" என்றார். மச்சினனுக்கு மூச்சு வந்தது.

வண்டி கிளம்பியது. கிளம்பியது என்று சொல்வது மரியாதைக்காக. எவ்வளவு மிதித்தாலும் நகர மனமில்லாமல் முனகியது. பின்னால் வந்ததெல்லாம் தாண்டிப் போனது. திரை ஓரத்தில் பார்ப்பவர்கள் எழுதிக் குவித்தார்கள்: 'மாஸ்டர், வண்டிக்கு மூட்டுவலியா?' 'மச்சினன் கேம்னதும் வாய் ஒட்டிக்கிச்சா?'

மச்சினன் எழுந்தேவிட்டான். "மாமா, எங்ககிட்ட இப்படி ஓடலையே! நேத்துகூட பறந்துச்சு."

"இங்க பறக்கல மாப்ள. நான் என்ன பண்ணட்டும்?"

பொய் சொன்னால் இத்தனை வருஷப் பேர் போச்சு. உண்மையைச் சொன்னால் மச்சினன் பிழைப்பு போச்சு. கூடவே வீட்டு நிம்மதியும். மைக்கை நெருங்கினார்.

"மனசுல பட்டதச் சொல்லிடறேன். இந்த வண்டி..."

"காலை எடுங்க!"

மனைவியின் குரல். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கால?"

"இடது கால. பிரேக் மேலயே குடித்தனம் பண்ணுது. எனக்குக் கத்துக்குடுத்தப்பவும் இதே கூத்துதான். வண்டி இழுக்கலைன்னு என்னைத்தானே திட்டுனீங்க?"

குனிந்து பார்த்தார். வைத்த நினைவே இல்லை. கால் அங்கே சொகுசாகப் படுத்திருந்தது. "எல்லா கேமையும் இப்படித்தானே ஓட்டியிருப்பேன்? ஒண்ணும் ஆகலையே!"

"மத்ததெல்லாம் லேசா தொட்டா கண்டுக்காது மாமா." மச்சினன் குனிந்து பெடலைக் காட்டினான். "விரல் பட்டாக்கூட பிரேக் பிடிக்கற மாதிரி நாங்க செஞ்சோம். அதுக்கே உசிரு போச்சு."

மாஸ்டர் காலைத் தூக்கினார். வண்டி சீறிப் பாய்ந்து அடுத்த வளைவிலேயே சுவரில் மோதியது. திரை ஓரம் முழுக்கச் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"தப்பு வண்டியில இல்லைங்க, என் கால்ல. அது முனகுச்சே, அதான் இந்த கேமோட பலம். நிஜ வண்டி மாதிரி கால் கனம் தெரியுது. ஆனா பிரேக் பிடிச்சிருக்குன்னு காட்ட ஒரு வெளக்கு வெச்சிருக்கலாம். அது குறைதான்."

மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னொண்ணு. வளைவுல ரோட்டோரம் நின்னு வேடிக்கை பாக்கற கூட்டம் வெட்டி வெச்ச அட்டை. ஒருத்தன்கூட கண் சிமிட்டல."

துடைத்த முகம் சுருங்கியது. "அதச் சொல்லாம இருந்தா குடியா முழுகிடும்?" என்றாள் மனைவி.

"அதையும் சொன்னாத்தான்டி இத நம்புவாங்க."

மச்சினன் பையிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "எந்த வளைவுல மாமா?"

"எல்லா வளைவுலயும்தான்" என்றார் மாஸ்டர், இடது காலை நாற்காலிக்கு அடியில் மடக்கிக்கொண்டு.