ஒரே என்ஜின்

அப்பா நினைவாக அண்ணன் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த இரண்டு குட்டி பைக்குகளையும், நான் பார்க்கப் போனபோது, உப்பல் பகுதி மெக்கானிக் பிரித்துப் போட்டிருந்தார். கார்புரேட்டரிலிருந்து என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்களை அருகருகே வைத்தார். அண்ணனுடைய குழாயில் என் விரல் நுழைந்தது. என்னுடையதில் ஒரு வாஷர் தடுத்தது. அதன் நடுவில் பட்டாணி அளவுக்குத்தான் ஓட்டை.

"யே கைக்கு டாலே மேடம்?" எதற்குப் போட்டார்கள் என்று என்னையே கேட்டார்.

பெட்ரோல் வாடையில் சின்ன வயதின் செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசல் நினைவுக்கு வந்துவிட்டது. பட்டறையிலிருந்து வந்ததும் அப்பா பனியனோடு உட்கார்ந்து, பழைய பம்பு என்ஜின்களை வைத்து எங்கள் இருவருக்கும் இந்த வண்டிகளைச் செய்தார். எதைச் செய்தாலும் கையைக் கிழிக்காதபடி விளிம்பை அரத்தால் மழுக்கிவிடுவார். தண்ணீர் டேங்க் மேட்டில் அண்ணன் சர்ரென்று ஏறிப்போய், மேலே நின்று சிரிப்பான். என் வண்டி பாதியில் இருமி நின்றுவிடும்.

"ரெண்டும் ஒரே என்ஜின்தாம்மா. உனக்குத்தான் ஓட்ட வரல," என்பார் அப்பா.

நம்பினேன். அதற்குப்பின் எந்த வண்டியையும் நான் தொட்டதில்லை.

வாஷரைத் தடவிப் பார்த்தேன். விளிம்பு வழவழவென்றிருந்தது.

இதை எடுத்துவிட்டால் பறக்கும், ஓட்டிப் பாருங்கள் என்றார் மெக்கானிக்.

"நக்கோ பாய்," வேண்டாம் என்றேன். வெளியே, நான் வந்த ஆட்டோ காத்திருந்தது.