சும்மா பயம் என்றார்கள்

பெங்களூரில் ஜீவனஹள்ளியிலிருந்து பொம்மசந்திராவில் உள்ள தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். ஒருநாள் காலை, பஸ் மேம்பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு மூச்சடைத்தது. நெஞ்சு படபடத்து விரல்கள் மரத்துப்போயின. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். பாலத்தில் எப்படி நிறுத்துவார்கள்?

பாலம் இறங்கியதும் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் இசிஜி, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஒன்னும் இல்ல, சும்மா பயம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்தச் 'சும்மா' இன்னமும் எரிகிறது. என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. பாறைத்தூசி நுரையீரலை அரித்து, மூச்சுக்குப் போராடியே செத்தார். அவரிடமும் ஆரம்பத்தில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். நான் எப்படி நம்புவேன்? விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை வாங்கி, வேலை நேரத்தில் கழிவறைக்குள் ஒளிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்கப் பயம்தான் கூடியது.

வேறு டாக்டரைப் பார்க்க அரைநாள் லீவு கேட்டேன். "ஒன்னும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்குய்யா லீவு?" என்றார் சூப்பர்வைசர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விரலில் வெட்டுப்பட்டவனுக்கு அவரே வண்டி பிடித்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

லீவு தராவிட்டாலும் போனேன். என் மனைவிதான் அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த டாக்டரம்மா அப்பாவைப் பற்றிக் கேட்டார். எனக்கு அழுகை வந்தது.

"இது நடிப்பு இல்ல. ஆபத்து இல்லாதப்பவும் உங்க உடம்பு ஆபத்துன்னு நெனச்சுக்குது. கொஞ்ச நேரத்துல தானா தணிஞ்சிடும். நீங்க ஓட ஓடத்தான் பயம் கூடும்" என்றார். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடப் பழக்கினார். கருவியை மனைவியிடம் கொடுத்துவிடச் சொன்னார். மொத்தம் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கால்மணி நேரம்தான் முதல் டாக்டரிடம் இல்லாமல் போனது.

அடுத்த மாதமும் பாலத்தில் அது வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. மூச்சை மெல்ல விட்டபடி உட்கார்ந்திருந்தேன். பாலம் இறங்கும் எலெக்ட்ரானிக் சிட்டி வருவதற்குள் அடங்கிவிட்டது.

மறுபடி டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். சொந்த வேலை என்று மாற்றி எழுதச் சொன்னார் சூப்பர்வைசர். மாட்டேன் என்றேன். "மனநல சிகிச்சைன்னுதான் இருக்கும் சார். அதுல கையெழுத்துப் போடுங்க."

இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார்.