மஞ்சள் துணியில் மாற்றி வைத்த காசு

மூன்று மாதத்துக்கு முன்னால் நான் ஒரு திருட்டு செய்தேன். சொந்த வீட்டில். அதுவும் பூஜை அலமாரியில்.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வாராவாரம் ஊரார் செய்வதையெல்லாம் இந்தப் பக்கத்தில் கிண்டலடிக்கிறவன், தன் கதை வரும்போது மட்டும் நழுவலாமா?

மகள் நித்யா வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காகத் தஞ்சாவூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை துபாயில். எட்டாம் மாசம் செக்-அப் போன இடத்தில், "பிரஷர் கொஞ்சம் ஏறுது, பார்த்துக்கங்க" என்றார் டாக்டர்.

அவ்வளவுதான். என் மனைவி கோமதி வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தலைக்குக் குளித்தாள். ஒரு துண்டுத் துணியை மஞ்சளில் நனைத்து, அதில் ஒரு காசை வைத்து முடிந்தாள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத் துணை திருக்கருகாவூர் அம்மன்தானே? "தாய் வேற, பிள்ளை வேறயா நல்லபடியாப் பிரிஞ்சா, நேர்ல வந்து உண்டியல்ல சேர்த்துடறேன் தாயே!" என்று அம்மன் படத்தடியில் முடிச்சை வைத்துவிட்டாள்.

எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால், எல்லா வீட்டிலும் பழைய நாணயம் சேர்க்கிற கிறுக்கன் ஒருவன் இருப்பதில்லையே!

கோமதி முடிந்தது, அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த, வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய். மகுடம் வைத்த ராணி தலை போட்டது. இத்தனை வருஷமாக அதை எங்கே வைத்திருந்தாள் என்றே எனக்குத் தெரியாது. துணியில் வைக்கும்போது ஒரே ஒரு நொடி ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் பட்டது. எனக்குச் சுருக்கென்றது. தேய்ந்த காசுக்கு அந்த மினுமினுப்பு வராது.

ஒரு வாரம் பொறுத்தேன். அம்மாவும் மகளும் ஸ்கேனுக்குப் போன காலையில், முடிச்சை அவிழ்த்தேன்.

பழைய வெள்ளிக் காசைத் தரம் பார்க்க ஒரு முறை உண்டு. விளிம்பை மட்டும்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது. முதலில் மேடான இடங்களைப் பார்க்க வேண்டும். ராணியின் கன்னம், காதுக்கு மேலே உள்ள முடி, மகுடத்துக் கற்கள், சட்டையின் பூ வேலை... கை மாறி மாறிப் போன காசில் முதலில் அழிவது இவைதான். என் ஆல்பத்தில் இதே வகைக் காசு ஒன்று இருக்கிறது. அதில் ராணிக்குக் கன்னம் சப்பை, முடி மொழுமொழு.

இதில்? ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது! லேசாகச் சாய்த்தால் வெளிச்சம் காசைச் சுற்றி ஒரு வட்டமே அடித்தது. அச்சிலிருந்து வந்த மினுக்கு அது. தேய்த்துக் கழுவினால் போய்விடும், போனால் வராது. நல்லவேளை, கோமதி புளி போட்டுத் துலக்கவில்லை.

இதைப் போய் உண்டியலில் போடுவதா?

அப்போது என் புத்தி பேசிய பேச்சை அப்படியே எழுதுகிறேன். 'இதுவும் வெள்ளி, ஆல்பத்தில் இருப்பதும் வெள்ளி. இதுவும் ராணி, அதுவும் ராணி. அம்மன் என்ன லென்ஸ் வைத்துக்கொண்டா பார்க்கப் போகிறாள்?'

என் தேய்ந்த காசைத் துணியில் வைத்து முடிந்தேன். நல்லதைச் சட்டைப் பைக்குள் போட்டேன். முடிச்சுகூட கோமதி போட்ட மாதிரியே போட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு நாள் கழித்து, ஒரு நண்பரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பாபநாசத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிற சலீம் பாய், பழைய காசுக்குத் தரம் சொல்வதில் கில்லாடி. விற்கப் போகவில்லை, சத்தியமாக. அவர் வாயால் ஒரு 'ஆஹா' கேட்க வேண்டும். அந்த அற்ப ஆசைதான்.

பாய் கண்ணில் லென்ஸை மாட்டினார். திருப்பினார். சாய்த்தார். "மாஷா அல்லாஹ்! சார், இது கை படாத காசு. கன்னத்துல மட்டும் பொட்டு அளவு உரசல். அதுகூட பெட்டியில கிடந்ததுல வந்தது. எங்க புடிச்சீங்க?"

எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நிமிஷம் பாய் விளிம்போரத்து எழுத்தை உற்றுப் பார்த்தார். முகம் மாறியது.

"என்ன சார், எழுத்துக்குள்ள மஞ்ச ஏறியிருக்கு? யார் வீட்டு நேர்ச்சை இது?"

"அது... பழசு பாய்."

"பழசு இல்ல சார். ஈரம் காஞ்ச மஞ்ச, வாசனைகூட போகல." காசை என் பக்கம் தள்ளிவிட்டு லென்ஸைக் கழற்றினார். "எங்க வீட்லயும் நாகூருக்கு முடிஞ்சு வைப்பாங்க. அதைத் தொட எங்களுக்குக் கை வராது. எடுத்த இடத்துல வச்சிடுங்க சார்."

அவர் சொல்லி முடிக்கவும் என் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. கோமதி.

"எங்க இருக்கீங்க? நித்யாவுக்கு மண்டையைப் பொளக்குதாம். கண்ணு மங்கலாத் தெரியுதுங்குறா. ஆட்டோல ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டு இருக்கோம். உடனே வாங்க!"

பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் என்ன தூரம்? அன்றைக்கு அது முடியவே இல்லை. அறுவடை மெஷின் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. டிரைவர் ஹாரனை அழுத்துகிறார், அது வழி விடுவதாக இல்லை. அய்யம்பேட்டையில் கூட்டம் ஏறியது. எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. சட்டைப் பையில் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். தாயே, நான் செஞ்ச தப்புக்கு அவளைப் பிடிக்காதே, என்னைப் பிடி... இதைத்தான் வழி முழுக்கச் சொன்னேன்.

பிரஷருக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இதே கேள்வியைக் கேட்டு இந்தப் பக்கத்தில் எத்தனை பேரை மடக்கியிருக்கிறேன்! அன்றைக்கு யாராவது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதைச் சொல்லியிருந்தால், நிறுத்தாதீர்கள், சொல்லிக்கொண்டே வாருங்கள் என்று அவர் காலைப் பிடித்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ஃபிட்ஸ் வந்துட்டா ரெண்டு பேருக்குமே ஆபத்து. இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்." காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஸ்ட்ரெச்சரில் நித்யாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகமெல்லாம் வீங்கி இருந்தது. "பயமா இருக்குப்பா" என்றாள். கோமதி இறுக்கி மூடியிருந்த கையைத் திறந்தாள். உள்ளே மஞ்சள் முடிச்சு! அதை மகள் நெற்றியில் வைத்து அழுத்தி, கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள்.

உள்ளே இருப்பது என் தேய்ந்த காசு. அவள் வேண்டிக்கொண்ட காசு என் பையில்.

கதவு சாத்திக்கொண்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"கோமதி... அதுல இருக்கிறது உன் காசு இல்ல."

"என்னது?"

"நான் மாத்திட்டேன். உன் காசு இதோ."

கத்துவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "எதுக்குங்க?" என்றாள்.

"இது ரொம்ப நல்ல காசு கோமதி. துளிகூடத் தேயாதது..."

"உங்களுக்கு மட்டும்தான் கண்ணு இருக்குன்னு நினைச்சீங்களா? இருக்கிறதுலேயே நல்லதுன்னு தெரிஞ்சுதாங்க இதைத் தேடி எடுத்து முடிஞ்சேன். பொண்ணுக்காக இல்ல?"

செத்தேன்.

அவளே முடிச்சை அவிழ்த்தாள். என் காசை என் கையில் திணித்தாள். நல்லதை வைத்து மறுபடி முடியப் பார்த்தாள். முடிச்சு விழவில்லை. "பிடிங்க" என்றாள். துணியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, அவள் இன்னொரு முனையை இழுத்து முடிந்தாள். பிறகு இருவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே சக்கரம் உருளும் சத்தம் கேட்டால்கூட நான் எழுந்து நின்றேன்.

நர்ஸ் வந்தார். பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்கும் கம்மி, இன்குபேட்டரில் வைக்கணும், ஆனால் நன்றாக அழுதது என்றார். நித்யாவுக்குப் பிரஷர் இறங்க மேலும் இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நான் யாரிடமும் ஜோக் அடிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை எல்லோருமாகத் திருக்கருகாவூர் போனோம். நித்யா தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கோமதி முடிச்சை என்னிடம் நீட்டினாள். "நீங்களே போடுங்க."

உண்டியல் வாயில் முடிச்சை வைத்தேன். துணிக்கு மேலேயே விளிம்பின் பல் விரலில் தட்டுப்பட்டது. எத்தனை கூர்மை! மகள் பக்கத்தில் நிற்கிறாள், பேத்தி மூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது... ஆனாலும் விரல் நின்றுவிட்டது.

"விடுங்க" என்றாள் கோமதி.

விட்டேன். அவள் சொன்ன பிறகுதான் விட்டேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் பயமாக இருக்கிறது.